ஐஸ் பெட்டியில் ஒரு க்ரீம் டப்பா

களக் கொட்டகை
மார்ச் 4

தராசுக்கு,

அக்கா என்று ஆரம்பிக்கலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். இப்போதைக்கு வேண்டாம். சின்ன வயதில் ஒரு மிட்டாயை இரண்டாக உடைத்து, ஸ்கேல் வைத்து அளந்து, பெரிய பாதியைக் கொஞ்சம் சுரண்டிவிட்டு எனக்குக் கொடுத்தவள் நீ. அதற்காக வீட்டில் வைத்த பட்டப்பெயர் இன்றைக்கும் உனக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

போனில் உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். எடுப்பதாக இல்லை. ஆனால் இந்தப் பழைய பஸ் பணிமனை மண்ணில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முதலாளி பிடித்திருப்பது உன் ஆய்வகத்தை. இங்கிருந்து மண் போகும் ஐஸ் பெட்டி நேராக உன் மேசையில்தான் இறங்கும். அதனால் இந்தக் காகிதம்.

இந்த முறை ஜாடிகளை நன்றாகப் பார். விளிம்பு வரை அமுக்கி நிரப்பியிருக்கிறேன், எறும்பு மூச்சு விடக்கூட இடமில்லை. எடுத்த கையோடு ஐஸில் வைத்தாயிற்று. போன முறை மாதிரி கூட்டத்தில் முதலாளி முன்னால் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாதி ஜாடி காத்து. இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. யார் எடுத்தது இதை?" என்று கேட்க உனக்கு வாய்ப்பே இல்லை. யார் எடுத்தது என்று உனக்குத் தெரியாதா? எதிர் நாற்காலியில்தானே உட்கார்ந்திருந்தேன். முதலாளி என்னைப் பார்த்தார், அவருடைய கணக்காளர் பார்த்தார், டீ கொண்டுவந்தவர்கூட ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். எனக்கு வைத்த டீயைக் குடிக்காமலே எழுந்து வந்தேன்.

எனக்கு இதில் என்ன போகிறது என்று உனக்குப் புரிய வேண்டும். பணிமனை இருந்த காலம் முழுக்கச் சிந்திய டீசல் எண்ணெய் ஊறிய மண்ணைத் தோண்டிக் குவித்து, நடுவில் காற்றுக் குழாய் விட்டு, தண்ணீரும் உரமும் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மண்ணிலேயே இருக்கும் நுண்ணுயிர்கள் எண்ணெயைத் தின்றுவிடும். தின்னும், அக்கா. பார், எழுதிவிட்டேன். அடிக்க மாட்டேன், இருந்துவிட்டுப் போகட்டும்.

மே மாதக் கடைசிச் சோதனையில் கிலோவுக்கு ஐநூறு மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் இந்த மண் இங்கேயே திரும்பப் போகும், அடுத்த பெரிய களத்தையும் முதலாளி எனக்கே கொடுப்பார். வராவிட்டால் எல்லாவற்றையும் லாரியில் அள்ளி வேறு எங்காவது குப்பையாகக் கொட்டிவிடுவார். முதல்முறையாக என் பொறுப்பில் நடக்கும் வேலை இது. அதுவும் லாரியோடு போய்விடும், நான் பழையபடி யாருக்காவது உதவியாளராகப் போய் நிற்க வேண்டியதுதான்.

இப்படிக்கு,
புழுதி

ஆய்வகம்
மார்ச் 10

புழுதிக்கு,

முதலில் ஒரு விஷயம். ஐஸ் பெட்டிக்குள் மண் ஜாடிகளையும் அவற்றுக்கான படிவத்தையும் தவிர வேறெதையும் வைக்கக் கூடாது. நான் எழுதி உங்கள் எல்லோருக்கும் அனுப்பிய விதித்தாளில் இருக்கிறது. உன் கடிதம் சொதசொதவென்று நனைந்து ஒரு ஜாடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. உரித்தெடுத்து, உலர்த்தும் அடுப்பில் வைத்துக் காயவைத்துப் படித்தேன். இது எந்தக் களத்து மண் மாதிரி என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார். கடுமையாக மாசுபட்டது என்று சொன்னேன்.

ஜாடிகள் சரியாக நிரப்பப்பட்டிருந்தன. இது பாராட்டு அல்ல, பதிவு.

எண் ஆயிரத்துத் தொள்ளாயிரம். மண்ணைக் கரைப்பானில் போட்டுக் குலுக்கி, எண்ணெயை அதில் இறக்கி, வடிகட்டி, ஒரு சொட்டைக் கருவிக்குள் விட்டோம். லேசான எண்ணெய் முதலில் வெளிவரும், கனமானது கடைசியில் வரும். கருவி அதையெல்லாம் ஒரே கோடாக வரையும். டீசல் என்றால் அந்தக் கோடு சீப்புப் பல் மாதிரி வரிசையாக நிற்கும். உன் மண்ணின் சீப்பில் நிறையப் பற்கள் உடைந்திருக்கின்றன. எதுவோ தின்றிருக்கிறது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

கூட்டத்தில் நடந்ததைப் பற்றி: காற்று இருந்த ஜாடியைக் காற்று இருந்தது என்றுதான் சொல்வேன். உனக்காக வேறு மாதிரி சொல்லிப் பழக எனக்கு இனிமேல் வயதில்லை.

பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன். அதில் சுத்தமான மணல் நிரப்பிய ஜாடி ஒன்று இருக்கிறது. அடுத்த முறை மண் எடுக்கும்போது அந்த மணலையும் அதே கரண்டியால் ஒரு புது ஜாடிக்கு மாற்றி, மூடி, மற்றவற்றோடு அனுப்பு. களத்தில் வெளியிலிருந்து ஏதாவது ஒட்டினால் அந்த மணல் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே அதைச் சாட்சி ஜாடி என்போம்.

அக்கா

இன்னொன்று. உன் கையெல்லாம் வெடித்துக் கிடக்கிறது, சாப்பிடும்போது எரிகிறது என்று அம்மாவிடம் சொன்னாயாமே. கைக்குத் தடவும் க்ரீம் ஒரு டப்பா பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டி இப்போது காலியாகத்தான் வருகிறது என்பதால் இது விதிமீறல் ஆகாது.

களக் கொட்டகை
ஏப்ரல் 3

தராசு அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒட்டியிருக்கிறேன். உன் அடுப்புக்கு வேலை மிச்சம்.

உன் டப்பா வந்து சேர்ந்தது. பெட்டி கொண்டுவரும் வண்டிக்காரர் அதை இரண்டு கையாலும் நீட்டி, "உங்க அக்கா குடுத்தாங்க, கோபமெல்லாம் போயிருச்சு போல" என்றார். போகவில்லை என்றேன். யாருடைய கோபம் என்று கேட்டார். அந்த மனிதருக்கு நம் வீட்டு விஷயத்தில் இருக்கும் அக்கறையில் பாதி அவருடைய பிரேக்கில் இருந்தால் ஜாடிகள் இன்னும் பத்திரமாக வரும். டப்பாவை நான் திறக்கவே இல்லை. கொட்டகை ஜன்னலில் கிடக்கிறது. அம்மா கேட்டால் அப்படியே சொல்.

மற்றபடி இங்கே நல்ல செய்தி. குவியலைக் கிளறினால் முன்பெல்லாம் பெட்ரோல் பங்க் வாசனை அடிக்கும். இப்போது வெறும் மண் வாசனைதான். கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது, காலையில் ஆவி பறக்கிறது. போன வாரம் பொக்லைன் ஓட்டுநர் பாதியில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவந்தார். ஏதோ குழாயை உடைத்துவிட்டார் என்று எனக்குப் பகீரென்றது. "மேடம், புழு" என்றார். உள்ளங்கையில் ஒரு மண்புழு நெளிந்துகொண்டிருந்தது. இந்த மண்ணில் புழு! எல்லோரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம். அதை எங்கே விடுவது என்பதில் பெரிய விவாதமே நடந்தது. கடைசியில் ரொம்பச் சுத்தமான குவியலாகப் பார்த்து அதில் விட்டோம். முதலாளி வந்தபோது அதைத் தேடிக் காட்டப் பார்த்தேன். எங்கோ போய்விட்டது. என்னை அசிங்கப்படுத்துவதில் உனக்கு அடுத்தபடி அந்தப் புழுதான்.

ஜாடிகளும் உன் சாட்சியும் பெட்டிக்குள் இருக்கின்றன. சீக்கிரம் எண்ணைச் சொல். இங்கே யாருக்கும் நிலைகொள்ளவில்லை.

புழுதி

ஆய்வகம்
ஏப்ரல் 9

புழுதிக்கு,

எண்ணூற்று இருபது. சாட்சி மணல் சுத்தம். சீப்பில் அநேகமாகப் பல்லே இல்லை.

கோட்டைப் பார்த்ததும் என்னை அறியாமல் "சபாஷ்" என்று சொல்லிவிட்டேனாம். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஆய்வகத்தில் நான் இதுவரை அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை என்கிறார். கருவியைத்தான் சொன்னேன் என்று சமாளித்தேன்.

புழுவைப் பற்றி: ஒரு புழு எதையும் நிரூபிக்காது. ஆனாலும் அது பிழைத்திருக்கிறதா என்று எழுது.

கை எப்படி இருக்கிறது? தகவலுக்காகத்தான் கேட்கிறேன்.

அக்கா

களக் கொட்டகை
மே 6

அக்கா,

இவைதான் கடைசி ஜாடிகள், உன் சாட்சி ஜாடியும் சேர்த்து. எடுக்கும்போது பொக்லைன் ஓட்டுநர், குழாய் பார்ப்பவர்கள், காவலாளி எல்லோரும் பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கும் பெற்றோர் மாதிரி நின்றார்கள். புதுக் கையுறை, கழுவிய கரண்டி, உன் விதித்தாள் சுவரில். ஒன்றுவிடாமல் செய்தேன்.

முதலாளி லாரிக்காரர்களிடம் பேசி வைத்துவிட்டார். ஐநூறுக்கு மேலே வந்தால் அடுத்த வாரமே அள்ளிவிடுவாராம். வரட்டும். ஐநூறுக்கு மேலே போகாது. அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தால் உனக்கே தெரியும். நீ ஒருநாளும் கையில் எடுக்க மாட்டாய், ஜாடியில்தான் பார்ப்பாய், அது வேறு விஷயம்.

புழு இருக்கிறது. புழுக்கள் என்று சொல்ல வேண்டும் இப்போது.

நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: உன் டப்பா இன்னமும் ஜன்னலில்தான் இருக்கிறது. ஒரு கூட்டத்தில் மானத்தை வாங்கிவிட்டு ஒரு டப்பா க்ரீமில் சரிக்கட்டிவிடலாம் என்று பார்க்காதே. அவ்வளவு மலிவாகச் சமாதானமாகிறவள் இல்லை நான்.

புழுதி

களக் கொட்டகை
மே 11

அக்கா,

அறுநூற்று நாற்பதாம். உன் ஆய்வக அலுவலகத்திலிருந்து யாரோ முதலாளிக்குப் போனில் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அவர் சொன்னார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "பரவாயில்லம்மா, முயற்சி பண்ணீங்க" என்றார்.

எப்படி என்று எனக்குப் புரியவில்லை. ஏதாவது செய் என்று உன்னைக் கேட்கவில்லை. நீ செய்யவும் மாட்டாய், செய்தாலும் எனக்கு வேண்டாம். எண் எண்தான்.

பொக்லைன் ஓட்டுநர் காலையிலிருந்து இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். வண்டிக்காரர் காலிப் பெட்டியோடு கிளம்புகிறார், அதனால் எழுதினேன். அழுகையாக வருகிறது.

புழுதி

ஆய்வகம்
மே 12

அடியே புழுதி,

நீ பொய் சொல்லியிருக்கிறாய். எனக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்த பொய் வேறில்லை.

முதலில் கண்ணைத் துடை. அறுநூற்று நாற்பது என்பது நான் கையெழுத்துப் போடாத எண். முதலாளி நச்சரித்தாராம், கருவி கக்கிய முதல் எண்ணை அலுவலகத்தில் சொல்லித் தொலைத்துவிட்டார்கள். அவர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டேன். இனி மேலே படி.

கோட்டை எடுத்துப் பார்த்தேன். டீசல் நிற்க வேண்டிய இடம் வழித்துவிட்டது போல இருந்தது. சீப்பும் இல்லை, பல்லும் இல்லை. பிறகு எண் ஏன் ஏறியது? கடைசியில், கனமான எண்ணெய் வெளிவரும் இடத்தில், உருண்டையாக ஒரு மேடு. மார்ச்சில் அது இல்லை, ஏப்ரலில் இல்லை. இருந்தது குறையலாம், இல்லாதது எப்படி முளைக்கும்? சாட்சி ஜாடியை ஓட்டினேன். சுத்தமான மணல், நானே கழுவி நானே நிரப்பியது. அதிலும் அதே மேடு. அப்படியானால் அது உன் மண்ணிலிருந்து வரவில்லை. எடுத்த கையிலிருந்து வந்திருக்கிறது.

கை என்றதும் உனக்கு அனுப்பிய க்ரீம் ஞாபகம் வந்தது. பிறகு வீட்டுக்குப் போய் என் க்ரீம் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தேன். உனக்கு வாங்கும்போது எனக்கும் அதே க்ரீம் ஒன்று வாங்கியிருந்தேன். ஓரத்தில் துளி கிள்ளிக் கரைத்துக் கருவிக்குக் கொடுத்தேன். அதே மேடு. ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஒரே கோடுதான் தெரிகிறது. அந்த க்ரீமில் பெரும்பங்கு பெட்ரோலியத்திலிருந்து எடுத்த மெழுகு. கருவிக்கு அதுவும் எண்ணெய்தான்.

ஆக, மகாராணி, ஜன்னலில் கிடக்கும் டப்பா என் கருவிக்குள் எப்படி வந்தது? க்ரீம் தடவிய விரலால் கையுறையை இழுத்து மாட்டியிருக்கிறாய். கையுறையின் வெளிப்பக்கம் ஒட்டி, அங்கிருந்து கரண்டிக்கு, கரண்டியிலிருந்து ஜாடிக்கு.

உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். அப்போதுதான் என் விதித்தாளில் நானே எழுதியது கண்ணில் பட்டது. மண் எடுக்கும் நாளில் க்ரீம், சென்ட், தைலம் எதுவும் கையில் படக் கூடாது. எழுதியவளும் நானே, மண் பெட்டிக்குள் க்ரீம் டப்பாவை வைத்து அனுப்பியவளும் நானே. பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார், எங்கள் தலைமை ஆய்வாளர் வந்து கேட்டுவிட்டுச் சிரித்தார், கடைசியில் நானும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது சிரிப்பினால் மட்டும் இல்லை. நீ தடவிக்கொண்டிருக்கிறாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மேட்டைக் கழித்துவிட்டு மீதியை எண்ணாகக் கொடு என்று நீ கேட்க மாட்டாய் என்று தெரியும். கேட்டாலும் முடியாது. புதிதாக மண் எடுக்க வேண்டும். உன் முதலாளியிடம் நானே பேசினேன். அவருடைய கணக்காளரையும் கூட வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் பேசினேன். தப்பு என் பக்கம், மண்ணின் பக்கம் இல்லை, உங்கள் களப் பொறுப்பாளர் வேலையில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். அவர் லாரிகளை நிறுத்தி வைக்கிறார். ஒரே ஒரு தடவைக்குத்தான்.

அன்று கூட்டத்தில் நான் சொன்னது சரி. சொன்ன இடம் தப்பு. உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். இதை நேரில் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதிவிட்டேன்.

எல்லோரும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முழங்கை வரை. இந்த முறை ஜாடிகளைப் பக்கத்து மேசைக்காரர் சோதிப்பார், எது எந்தக் குவியல் என்று அவருக்குத் தெரியாது. அக்கா தங்கைக்குப் பார்த்துக் கொடுத்தாள் என்று யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது.

அக்கா

களக் கொட்டகை
மே 15

என் அக்காவுக்கு,

நான் பொய் சொல்லவில்லை. டப்பா ஜன்னலில்தான் இருந்தது. அவ்வப்போது எடுத்துத் தடவிவிட்டு ஜன்னலிலேயே வைத்துவிடுவேன்.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் குழாய் மூடியைத் திருகும்போது கட்டைவிரல் வெடித்து ரத்தம் வந்தது. டப்பாவைப் பார்த்தேன், அதுவும் என்னைப் பார்த்தது. யாரும் இல்லை என்று நினைத்துத் திறந்தேன். கதவருகே பொக்லைன் ஓட்டுநர் நின்றுகொண்டிருந்தார். "எனக்கும் கொஞ்சம் குடுங்க மேடம்" என்றார். அப்புறம் குழாய் பார்ப்பவர்கள், காவலாளி எல்லோரும் வந்துவிட்டார்கள். இப்போது டப்பாவில் அடிதான் தெரிகிறது. ஒரு களமே உன் க்ரீமில் பிழைத்திருக்கிறது. உன்னிடம் ஒப்புக்கொள்ளத்தான் எனக்கு வீம்பு.

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். மண்ணின் பக்கம் தப்பில்லை என்ற இடம் வந்ததும் சத்தம் போட்டுப் படித்தேன். கொட்டகையில் ஒரே கும்மாளம். வண்டிக்காரர் எல்லாம் தன்னால்தான் என்கிறார், டப்பாவைப் பத்திரமாகக் கொண்டுவந்தது அவர்தானாம்.

முதலாளி வந்தார். "உங்க அக்கா கொஞ்சம் கறாரான ஆளுதான் போல" என்றார். "கொஞ்சம் இல்ல சார்" என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை அம்மாவிடம் சொல்லாதே.

குழாயடியில் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்துக் கை கழுவ வைத்தேன். மண்ணைத் தொடவே போகாத காவலாளியும் கழுவினார். டப்பாவைத் துணியில் சுற்றி முதலாளியின் காரில் வைத்துப் பூட்டினோம். அதற்குப் பிறகுதான் ஜாடியைத் திறந்தேன். விரல் மறுபடியும் எரிகிறது, எரியட்டும்.

போனில் உன் எண்ணைத் தடுத்திருந்ததை எடுத்துவிட்டேன். ஆனால் கூப்பிடாதே. முடிவைப் பெட்டியிலேயே அனுப்பு. ஐஸ் பெட்டியில் ஆரம்பித்தது அதிலேயே முடியட்டும். அந்தக் கூட்டத்தில் நீ சொன்ன இடம்தான் தப்பு என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஜாடியில் காற்று இருந்தது, அக்கா. அவசரத்தில் நிரப்பினேன்.

உன் புழுதி

ஆய்வகம்
மே 21

கண்ணு,

இருநூற்றுத் தொண்ணூறு. பக்கத்து மேசைக்காரர் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் மேலே இருக்கிறது. சாட்சி மணல் சுத்தம். மேடு இல்லை. முதலாளிக்கும் இதே தாளின் நகல் போகிறது, ஆனால் முதலில் உன் கைக்கு வர வேண்டும் என்று வண்டிக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். பிரேக்கைப் பார்த்துப் போடச் சொல்லியும் இருக்கிறேன்.

உன் மண் உன்னிடமே இருக்கப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஜாடியில் பார்த்தது போதும்.

பெட்டிக்குள் ஒரு டப்பா இருக்கிறது. அது என்னுடையது, ஓரத்தில் கிள்ளியிருப்பது கருவிக்குக் கொடுத்தது. இனி அந்தக் களத்தில் மண் எடுக்கும் வேலை இல்லை. இரண்டு கைக்கும் தாராளமாகத் தடவிக்கொள்.

அக்கா